லோடோட போகணுங்களா, காலியாவா?

மேட்டுப்பாளையம் என்று படித்ததும் ஊட்டி மலை ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்களா? தயவுசெய்து இறங்கிவிடுங்கள். நான் சொல்வது புதுச்சேரி மேட்டுப்பாளையம். இங்கே மலையும் இல்லை, மலை ரயிலும் இல்லை. தொழிற்பேட்டை இருக்கிறது. லாரிகள் வந்து நிற்கும் டெர்மினல் இருக்கிறது. பஞ்சர் கடை, வெல்டிங் பட்டறை, டீக்கடை, அதில் எப்போதும் லோடுக்காகக் காத்திருக்கும் நாலு டிரைவர்கள். அவ்வளவுதான் ஊர்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பெயரைப் படித்த அரை நொடியில் 300 கிலோமீட்டருக்கு மேல் தாண்டிக் குதித்துவிட்டு, நான் கூப்பிட்டதும் திரும்பியும் வந்துவிட்டீர்கள். டிக்கெட் இல்லை, டோல்கேட் இல்லை. மனசால் இதை எல்லோரும் செய்கிறோம். உடம்போடு செய்ய முடிந்தால்?

'ஜம்ப்பர்' என்று ஒரு ஹாலிவுட் படம். 2008-ல் வந்தது. டக் லிமன் இயக்கியது, ஸ்டீவன் கூல்ட் 1992-ல் எழுதிய நாவலை வைத்து எடுத்தது. போன வாரம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் மறுபடி பார்த்தேன். மிச்சிகன் மாநிலத்தில் டேவிட் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். உறைந்துபோன ஆற்றின் மேல் நடக்கும்போது பனி உடைந்து தண்ணீருக்குள் போய்விடுகிறான். செத்தோம் என்று நினைக்கிற நேரத்தில், ஊர் நூலகத்தில் புத்தக அலமாரிகளுக்கு நடுவே சொட்டச் சொட்ட விழுந்து கிடக்கிறான். நினைத்த இடத்துக்குக் கண் இமைக்கும் நேரத்தில் போகிற சக்தி தனக்கு இருப்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிகிறது.

உங்களுக்கு அப்படி ஒரு சக்தி வந்தால் முதலில் எங்கே போவீர்கள்? பையன் நேராகப் போனது பேங்க் லாக்கர் அறைக்கு. அப்புறம் பெரிய ஃபிளாட், ஸ்ஃபிங்க்ஸ் சிலையின் தலைமேல் உட்கார்ந்து சாப்பாடு, பாரிஸில் காபி, மாலத்தீவில் அலைச்சறுக்கு, கிளிமஞ்சாரோ மலையில் குட்டித் தூக்கம். (பாரிஸ் காபிக்காக அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் ஊர் கடற்கரைச் சாலை போதாதா என்று எனக்கு ஒரு மனத்தாங்கல்.)

மறுநாள் காலை டீக்கடையில் இதே கேள்வியை ஒரு டிரைவரிடம் கேட்டேன். நாமக்கல்காரர், ஐம்பது தாண்டியவர். அவரை எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"அண்ணே, கண்ணை மூடித் திறந்தா எங்க வேணாலும் போயிடலாம்னு ஒரு வரம் குடுத்தா எங்க போவீங்க?"

டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"லோடோட போகணுங்களா, காலியாவா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தொழில்முறையில் கேட்ட சந்தேகம் அது. "காலியா போறதுன்னா கண்ணை மூடித் தொறந்தா என்ன, மூணு நாள் ஆனா என்னங்க சார்" என்றார்.

நான் பி.காம். படித்தவன். இடத்தால் வரும் பயன் என்று வணிகவியலில் ஒரு பாடம் உண்டு. மரக்காணம் உப்பளத்தில் குவிந்து கிடக்கும் உப்புக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. சமையலறை டப்பாவுக்கு வந்த பிறகுதான் அது உப்பு. நடுவில் இருக்கும் தூரத்தை யாரோ ஒருவர் கடந்ததற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியதோடு சரி. நாமக்கல்காரர் ஒரே கேள்வியில் பாடத்தை முடித்துவிட்டார்.

படத்துக்கு வருவோம். அதில் ஒரு காட்சி. சில விநாடிகள்தான், பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். டேவிட் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கோ வெள்ளம். ஜனங்கள் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை நெருங்க வழியில்லை, ஏதாவது அற்புதம் நடந்தால்தான் உண்டு என்கிற மாதிரி செய்தி வாசிக்கிறார்கள். அந்த அற்புதம் இங்கே சோபா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது! பார்க்கிறான். அப்புறம் தன் ஜாலிக்குக் கிளம்பிப் போய்விடுகிறான். போக முடியாமல் இல்லை. போகத் தோன்றவில்லை.

நாவல் இப்படி இல்லை. அதில் வருகிற டேவியும் யோக்கியன் கிடையாது, அவனும் பேங்கில் கை வைப்பவன்தான். ஆனால் விமானக் கடத்தலில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்ற அவன் போகிறான். சினிமாக்காரர்கள் அதைத் தூக்கிவிட்டு இதை வைத்தார்கள். படம் சுமார்தான், சண்டைக் காட்சிகளில் தலை சுற்றுகிறது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் சினிமாதான் நம்மை நெருக்கமாகப் பார்த்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எப்படி என்கிறீர்களா? 'பக்கத்தில் இருந்திருந்தால் போயிருப்பேன்' என்ற வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம், யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு, சாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு. சொல்லும்போது அது பொய்யில்லை, நாமே நம்பித்தான் சொல்கிறோம். அந்தப் படம் ஒருத்தனிடமிருந்து தூரத்தை எடுத்துவிட்டுப் பார்க்கிறது. மிச்சம் இருப்பது அவன் மட்டும்.

இந்தச் சக்தி நமக்குப் புதிதில்லை. சித்தர்களின் அட்டமாசித்தியில் பிராப்தி என்று ஒன்று உண்டு. வேண்டிய இடத்தை, வேண்டியதை எட்டுவது. ககனக் குளிகை என்று ஒரு மாத்திரை, அதை வாயில் அடக்கிக்கொண்டால் வானத்தில் போகலாம் என்பார்கள். புதுச்சேரியைச் சுற்றிச் சித்தர் சமாதிகள் நிறைய. ஒரே நேரத்தில் சாமியை இரண்டு ஊரில் பார்த்ததாகக் கதை சொல்லும் தாத்தாக்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். அமெரிக்காவில் 1966-ல் 'ஸ்டார் டிரெக்' டி.வி. தொடரில் ஆட்களைக் கரைத்து இன்னோர் இடத்தில் இறக்கினார்கள். அதற்குக் காரணம் ஞானமில்லை, சிக்கனம். வாரா வாரம் விண்கலம் தரையிறங்குவதைப் படம் பிடிக்கக் கட்டுப்படியாகவில்லை! விஞ்ஞானிகளும் விடவில்லை. 1997-ல் ஆஸ்திரியாவில் ஆன்டன் சைலிங்கரின் குழு ஓர் ஒளித்துகளின் நிலையை இன்னோர் ஒளித்துகளுக்குத் தாவ வைத்தது. 2022-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். அங்கே தாவியது பொருளில்லை, அதன் நிலை பற்றிய விவரம் மட்டும். ஆகவே நாளைக்கே நாமக்கல் லாரிகளுக்கு வேலை போய்விடாது.

ஆனால் எனக்குத் தெரிந்து இந்தச் சக்தியை ஒரு பொறுப்பாகவே வைத்துக் கதை சொன்னவர் நம் சாத்தனார். மணிமேகலைக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. ஒன்று வேற்று உருவம் எடுக்க, ஒன்று வான்வழியே போக, ஒன்று பசியைத் தாங்க. முதல் இரண்டும் ஒரு ஹாலிவுட் கதாநாயகனுக்குப் போதும், படம் ஓடிவிடும். அவளுக்கு மூன்றாவதாகப் பசி வருகிறது. அப்புறம் கையில் அமுதசுரபியும் வருகிறது. அவள் வானத்தில் போகிறாள், சாவக நாட்டுக்குப் போகிறாள். அங்கே ராஜாவாக இருக்கும் ஆபுத்திரனை மணிபல்லவத்துக்கு வரச் சொல்லிவிட்டு முன்னால் கிளம்பிவிடுகிறாள், அவன் பின்னால் கப்பலேறி வருகிறான். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராஜாவாக இருந்தாலும் ரூட் பிடித்துத்தான் வரவேண்டும்.

பிறகு வஞ்சியில் மாசாத்துவானைச் சந்திக்கிறாள். கோவலனைப் பெற்றவர், அவளுக்குத் தாத்தா முறை. காஞ்சியில் மழையில்லை, உயிர்கள் பசியில் வாடுகின்றன, நீ போகவேண்டும் என்று சொல்கிறார். போகிறாள். நடுவில் வேறு யோசனை எதுவும் இல்லை. காஞ்சியில் இறங்கி எல்லோருக்கும் சோறு போடுகிறாள்.

டேவிட்டுக்கும் செய்தி வந்தது, மணிமேகலைக்கும் செய்தி வந்தது. இரண்டு பேருக்கும் தூரம் ஒரு பொருட்டில்லை. அவள் லோடோடு போனாள். அவன் காலியாகப் போனான், வேறு திசையில்.

சரி, மந்திரம் இல்லாத நமக்கு? ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1972-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த 1971-ஐ மனசில் வைத்து எழுதியது. நீங்கள் போகிற வழியில் ஆழமில்லாத ஒரு குளம். ஒரு குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. இறங்கித் தூக்கினால் உடுப்பு சேறாகும், அவ்வளவுதான் நஷ்டம். தூக்குவீர்களா, மாட்டீர்களா? எல்லோரும் தூக்குவோம் என்போம். அப்படியானால் குளம் ஆயிரம் மைல் தள்ளி இருந்தால் மட்டும் நியாயம் ஏன் மாறுகிறது என்பது அவர் கேள்வி. தூரம் என்பது கிலோமீட்டர். கிலோமீட்டருக்கும் நியாயத்துக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு இந்த வாதத்தை மறுக்கவும் தெரியவில்லை, முழுசாக ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. உலகத்தில் குளங்கள் ஒன்றிரண்டா? ஒன்றில் இறங்கி ஏறுவதற்குள் இன்னொன்றில் குரல் கேட்கும். எங்கேயும் போக முடிகிற ஒருவன் எல்லா இடத்துக்கும் போயாகவேண்டும் என்றால், அவன் ஒருவேளை சோறு தின்ன முடியாது, பெண்டாட்டி பிள்ளையோடு பத்து நிமிஷம் உட்கார முடியாது. படத்தில் ஜம்ப்பர்களை வேட்டையாடும் கூட்டத்தின் ஆளாக, வெள்ளைத் தலையோடு சாமுவேல் ஜாக்சன் வருவார். எங்கும் இருக்கிற சக்தி கடவுளுக்கு மட்டும்தான் இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. வில்லன் வசனம்தான். ஆனால் அதில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. எல்லா இடத்திலும் இருக்கிறவருக்கு எல்லா இடத்துக்கும் பொறுப்பு. அந்தச் சுமையை மனுஷன் தாங்க மாட்டான்.

மணிமேகலையும் உலகத்துப் பசி மொத்தத்தையும் தீர்க்கக் கிளம்பவில்லை. காஞ்சி என்று ஒருவர் வந்து சொன்னார், போனாள். தெரிந்த பிறகுதான் கடமை பிறக்கிறது. தூரம் எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி. நாம்தான் வரிசையை மாற்றிவிடுகிறோம். தூரத்தை முதலில் கேட்டுவிட்டால், மற்றதைத் தெரிந்துகொள்ளவே தேவையில்லை அல்லவா?

எங்கள் ஊரில் ஒருத்தர் இருந்தார். 1908-ல் வெள்ளைக்காரன் போலீசிடமிருந்து தப்பிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். எல்லையைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தால் பிரெஞ்சுச் சட்டம். அந்த ஓர் அடியும் ஒரு தாவல்தான். ஆனால் ஒருவழித் தாவல். பத்து வருஷம் அந்தப் பக்கம் கால் வைக்க முடியவில்லை. இங்கிருந்து கடலூர் இருபது சொச்சம் கிலோமீட்டர். பொறுக்க முடியாமல் 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டினார், கடலூர்ப் பக்கத்திலேயே பிடித்து உள்ளே போட்டார்கள். பாரதியைத்தான் சொல்கிறேன்.

அதே பாரதிதான் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட நம் பெண்களைப் பற்றிப் பாடியவர். 1879-ல் முதல் கப்பல் போனதிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாகச் சுமார் 60,000 பேரை இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுபோனார்கள். பிஜி இங்கிருந்து ஏறக்குறைய 11,000 கிலோமீட்டர். பாரதி அந்தத் தீவை ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. செய்தி வந்தது, அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பாட்டைப் படித்தால், எழுதியவர் தோட்டத்து வேலி ஓரமாக நின்று விம்மல் சத்தத்தைக் கேட்டவர் என்றுதான் நினைப்பீர்கள். பாட்டு எழுதினால் ஆச்சா என்று கேட்கலாம். கேட்கலாம்தான். அவரிடம் லாரி இல்லை. இருந்ததை அனுப்பினார்.

இவ்வளவு எழுதுகிறேனே, நான் யார் என்று சொல்லவேண்டும் அல்லவா?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஊரில் பாதி, தெருவா ஏரியா என்று தெரியவில்லை. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஜனங்களை மீட்டது. எங்கள் வீடு மேட்டுப் பக்கம், தண்ணீர் வாசலோடு நின்றுவிட்டது. கரன்ட் இல்லை. இன்வெர்ட்டர் புண்ணியத்தில் போனுக்கு சார்ஜ் இருந்தது.

ரெயின்போ நகரில் எனக்குக் கணக்குப் பதிவியல் சொல்லிக்கொடுத்த சார் இருக்கிறார். எழுபத்தைந்து வயதுக்கு மேல். தரைத்தள வீடு, அவரும் அம்மாவும் மட்டும், பிள்ளைகள் வெளிநாட்டில். காலை எட்டு மணிக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது. இடுப்பளவு தண்ணீர், மிதக்கும் ஸ்கூட்டர், பின்னால் அடையாளம் தெரிகிற ஒரு கேட். சார் வீட்டுத் தெரு.

போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? அந்த வீடியோவை ஐந்து குழுக்களுக்கு அனுப்பினேன். 'யாராவது பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கவும்' என்று ஒரு வரி சேர்த்தேன், கும்பிடுகிற கைகள் இரண்டு போட்டேன். அதன்பின் டீ குடித்தேன். பைக் போகாது, தண்ணீரில் மின்கம்பி கிடக்கலாம், நமக்கும் குடும்பம் இருக்கிறது, மீட்புப் படை பார்த்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். வரவும் செலவும் கச்சிதமாக நேராயின. எங்கள் வீட்டிலிருந்து சார் வீடு நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். அன்றைக்கு மட்டும் அது பிஜியாக இருந்தது.

நாமக்கல்காரர் அறிமுகமானது மறுநாள் காலை. அதே டீக்கடை. லோடு இறக்க முடியாமல் இரண்டு நாளாக நின்ற லாரிக்காரர்களில் ஒருத்தர். கைலி முழுக்கச் சேறு, கண் ரெண்டும் சிவப்பு. கடைக்காரர்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ டீ குடிக்க வந்த இடத்தில், அந்தப் பக்கம் கிழடு கட்டைகள் மாட்டிக்கிட்டு இருக்காங்க என்று பேசியிருக்கிறார்கள். இவர் கிளீனர் பையனையும் ரெண்டு கயிற்றையும் எடுத்துக்கொண்டு, காலி லாரியோடு கிளம்பிவிட்டார். சாயந்திரம் வரை நாலு நடை.

"வழி எப்படிண்ணே தெரிஞ்சது?"

"கேட்டுக் கேட்டுப் போனதுதாங்க. லாரி உசரம் இல்லீங்களா, தண்ணியில போயிடும்."

"உங்களுக்கு அங்க தெரிஞ்சவங்க யாராவது...?"

"நமக்கு இந்த ஊர்ல யாருங்க இருக்காங்க. ஓனர்தான் டீசலுக்குக் கணக்குக் கேட்டு நேத்திருந்து திட்டிட்டு இருக்கறாரு."

அவர் ஏற்றி வந்தவர்களில் எங்கள் சார் இருந்தாரா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால், நீங்க யாரு என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வடிந்த பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். கேட் திறந்திருந்தது. சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுப் பையன்கள் அவர்கள் இருவரையும் மேலே தூக்கிப் போய்விட்டார்களாம். அம்மா உள்ளே பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். சார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நனைந்துபோன புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் நாங்கள் படித்த பாடப் புத்தகங்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, வாப்பா! மேட்டுப்பாளையத்துலேர்ந்தா வர்ற? ரோடு விட்டுட்டானா?"

"விட்டுட்டான் சார்."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"பதினஞ்சு நிமிஷம் சார்."

"பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைப் பிரித்தார்.